பிள்ளைகளுக்கு அலர்ஜி ஊசி: இராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், பகலெல்லாம் மூக்கடைப்பு, இரவில் வாயைத் திறந்தபடி தூக்கம், ஐப்பசி மழை தொடங்கினால் இளைப்பு, அடுத்து நெபுலைசர். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இப்படி ஒரு பிள்ளையாவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. மருந்துக் கடையில் வாங்கிய சிரப் இரண்டு நாள் தாங்கும், பிறகு பழைய கதைதான். அந்த அலுப்பில் இருக்கும்போது யாராவது ஒருவர், "மதுரைக்குப் போய் ஊசி போட்டால் ஒரேயடியாகப் போய்விடுமாம்" என்று சொல்வார்.

ஒரேயடியாகப் போகாது. குறைந்தது மூன்றாண்டு பிடிக்கும். இம்யூனோதெரபி என்ற இந்தச் சிகிச்சைக்குப் பலன் உண்டு. ஆனால் ஏற்ற பிள்ளைக்கு, உண்மையான காரணப் பொருளைக் கொண்டு, இடைவெளி விடாமல் கொடுத்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும். பாதியில் கைவிட்டுவிட்டு "ஊசி வேலை செய்யவில்லை" என்பவர்கள் அதிகம். ஆகவே ஊசி போடலாமா என்று மருத்துவரைக் கேட்பதற்கு முன்னால், மூன்றாண்டு நம்மால் போய்வர முடியுமா என்று வீட்டுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது

ஒவ்வாமை உள்ள பிள்ளையின் உடல், தீங்கில்லாத ஒரு பொருளை எதிரி என்று பதிந்து வைத்திருக்கிறது. அந்தப் பொருளுக்கென்றே ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தைத் தயாரித்து, மூக்கிலும் கண்ணிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைக்கிறது. அதே பொருள் மறுபடி உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தும்மல், நீர்வடிதல், அரிப்பு, இளைப்பு எல்லாம் அதன் விளைவு. செட்ரிசின் மாத்திரை, கொட்டிய ஹிஸ்டமின் வேலை செய்யாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். பதிவு அப்படியே இருக்கும்.

இம்யூனோதெரபி அந்தப் பதிவை மாற்றப் பார்க்கிறது. காரணப் பொருளின் சாற்றையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கிறார்கள். நாளடைவில் எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் பெருகுகின்றன. ஐஜிஜி4 என்ற வேறோர் எதிர்ப்புரதம் உருவாகி, உள்ளே வரும் பொருளை ஐஜிஇ தொடும் முன்பே மறித்துக்கொள்கிறது. இது புதுச் சிகிச்சையும் அல்ல. 1911இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லெனர்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு, முடிவை லான்செட் இதழில் வெளியிட்டார். சிறிதாகத் தொடங்கி மெல்லக் கூட்டுவது என்ற அவருடைய முறைதான் இன்றும்.

மகரந்த ஒவ்வாமையால் மூக்கு மட்டும் பாதிக்கப்பட்டிருந்த 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஐரோப்பாவில் மூன்றாண்டு ஊசி போட்டுப் பத்தாம் ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஊசி போடாதவர்களைவிட அவர்களுக்கு ஆஸ்துமா குறைவாகவே வந்திருந்தது. பிள்ளைப் பருவத்திலேயே இதை யோசிக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் அது அந்த நாட்டுப் புல், பிர்ச் மர மகரந்தங்களைப் பற்றிய ஆய்வு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

முதல் படி: காரணத்தைப் பிடிப்பது

எல்லாரும் அவசரமாகத் தாண்டும் படி இதுதான். எந்தப் பொருள் என்று தெரியாமல் போடும் ஊசி வெறும் ஊசி.

நம் கடற்கரையில் முதல் சந்தேகம் தூசிப்பூச்சி மேல்தான் விழ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி தலையணை, மெத்தை, போர்வை, துணி பொம்மைகளில் குடியிருந்து, நாம் உதிர்க்கும் தோல் செதில்களைத் தின்கிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரப்பதத்தையே உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஆண்டு முழுக்கக் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவரும் பாம்பனும் மண்டபமும் கீழக்கரையும் அதற்கு எவ்வளவு வசதியான ஊர்கள் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய இலவம்பஞ்சுத் தலையணையில் முகம் புதைத்துத் தூங்கும் பிள்ளை காலையில் தும்முகிறது, பள்ளிக்குப் போன பிறகு தேறுகிறது என்றால், சந்தேகம் பாதி உறுதி. டெர்மட்டோஃபகாய்டிஸ் என்ற வழக்கமான தூசிப்பூச்சி இனங்களோடு, வெப்ப நாடுகளில் பெருகும் ப்ளோமியா டிராபிகாலிஸ் என்ற இனமும் நம் பக்கத்தில் கருத வேண்டியது. பரிசோதனைப் பட்டியலில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது சீமைக் கருவேலம். உயர் நீதிமன்றம் வரை போயும் அசையாத மரம். கண்மாய்க் கரையிலும் தரிசிலும் ரோட்டோரத்திலும் அதன் மஞ்சள் பூங்கதிர்கள் ஆண்டில் பல மாதங்கள் தொங்குகின்றன. அதன் மகரந்தம் ஒவ்வாமை தருவது இந்தியாவில் நன்கு அறியப்பட்ட செய்தி. பனை, தென்னை மகரந்தங்களும் பட்டியலில் உண்டு. வீட்டைச் சுற்றி நாலு மரத்தை வெட்டிவிட்டால் தீரும் என்று எண்ண வேண்டாம், மகரந்தம் காற்றில் வருவது. கரப்பான்பூச்சியும், மழைக்காலத்தில் ஈரம் கோத்த சுவரில் படரும் பூஞ்சையும் மற்ற இரண்டு.

இனி, ஒவ்வாமையே அல்லாதவை. விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துப் புகை, கொசுவர்த்தி, சாம்பிராணி, விறகடுப்பு, கச்சான் காற்று அள்ளிவரும் மணல், அத்தர் நெடி ஆகியவை எல்லாம் ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுகின்றன. இளைப்பைக் கிளப்புவதில் இவை சளைத்தவையல்ல. ஆனால் புகைக்கு எதிராக ஊசி கிடையாது. கரிமூட்டம் போடும் ஊர்ப்புறத்தில் இருக்கும் பிள்ளைக்கு மூன்றாண்டு ஊசி போட்டுவிட்டுப் புகையிலேயே உட்காரவைத்தால், ஊசியைக் குறை சொல்லிப் பயனில்லை. கடலில் சொறி (ஜெல்லிமீன்) பட்டுத் தோல் தடிப்பதும் பெரும்பாலும் நஞ்சின் வேலைதான், அதற்கும் இந்தச் சிகிச்சைக்கும் தொடர்பில்லை.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எந்த நேரத்தில் தும்மல், எந்த அறையில், வாடைக் காற்றா கச்சானா, அன்று வீடு கூட்டியதா, பரணில் ஏதாவது இறக்கியதா, இரவு இருமலா, இன்ஹேலர் எத்தனை முறை. பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ அப்பத்தா வீட்டில் நாலு நாள் தங்கியபோது குறைந்ததா கூடியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவர் பரிசோதனைத் தாளுக்கு முன்னால் இந்த நோட்டைக் கேட்பார்.

மீனும் இறாலும்: இடையில் ஒரு விளக்கம்

மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர் என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறாலிலும் நண்டிலும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் இருக்கிறது. ஏறத்தாழ அதே உருவப் புரதம் தூசிப்பூச்சியிலும் கரப்பானிலும் உண்டு. அதனால் தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இறால் பரிசோதனையும் பாசிட்டிவ் என்று வரலாம். இதுவரை இறால் தின்று ஒன்றும் ஆகாத பிள்ளை என்றால், தாளைப் பார்த்து இறாலை நிறுத்தத் தேவையில்லை. தின்ற சிறிது நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தியோ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அது வேறு. அது உண்மையான உணவு ஒவ்வாமை. சிலருக்கு இறால் அவிக்கும் ஆவியே போதும்.

மூக்குக்கும் ஆஸ்துமாவுக்கும் போடும் ஊசி உணவு ஒவ்வாமைக்கு இல்லை. வேர்க்கடலைக்கு மட்டும் வாய்வழிச் சிகிச்சை மருந்தொன்று 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மீனுக்கும் இறாலுக்கும் அப்படி எதுவும் வழக்கத்துக்கு வரவில்லை. "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரு துணுக்கு இறாலைச் சோற்றில் மறைத்துக் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. அன்போடு செய்தாலும் அப்படித்தான்.

இரண்டாம் படி: பரிசோதனை

தோல் குத்திப் பரிசோதனை பல ஊர்களில் கிடைப்பதில்லை. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ முதலில் காட்டி, எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் மதுரையாகத்தான் இருக்கும்.

போவதற்கு 5 முதல் 7 நாள் முன்பே ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளை நிறுத்த வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். செட்ரிசினை நிறுத்திவிட்டுச் சளி சிரப்பைக் கொடுப்பார்கள். பல சளி சிரப்புகளில் குளோர்பெனிரமைன் இருக்கிறது, அதுவும் அதே வகைதான். வேறு வகை மருந்தான மான்டிலுகாஸ்ட்டைத் தொடரலாம் என்பதால், லீவோசெட்ரிசினும் சேர்ந்த மாத்திரையையே தொடர்வார்கள். 115 கிலோமீட்டர் பயணம் வீணாகித் திரும்ப வேண்டிவரும். மாத்திரை அட்டையையும் சிரப் பாட்டிலையும் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் நிறுத்தவே கூடாது, அது பரிசோதனையைக் கெடுப்பதில்லை.

பரிசோதனை எளிது. முன்கையின் உட்புறத்தைத் துடைத்து, பேனாவால் எண் போட்டு, ஒவ்வோர் எண்ணின் அருகிலும் ஒவ்வொரு சாற்றிலிருந்து ஒரு சொட்டு வைக்கிறார்கள். சிறு லான்செட் ஊசியால் சொட்டின் வழியே தோலின் மேலடுக்கை லேசாகக் குத்துகிறார்கள். இரத்தம் வராது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சொட்டு ஹிஸ்டமின், இது தடிக்க வேண்டும். ஒரு சொட்டு உப்புநீர், இது தடிக்கக் கூடாது. 15 முதல் 20 நிமிடம் கையைச் சொறியாமல் பிள்ளையை உட்காரவைப்பதுதான் உங்கள் வேலை. பிறகு கொசுக்கடி போல எழும்பிய தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து அளக்கிறார்கள். உப்புநீர்ப் புள்ளியைவிட 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் தெரியாது. தடிப்பைத்தான் விரலால் தடவி அளக்க வேண்டும். ஹிஸ்டமின் புள்ளி தடிக்கவில்லை என்றால், மருந்து இன்னும் உடம்பில் இருக்கிறது என்று பொருள், அன்றைய முடிவு செல்லாது.

மருந்தை நிறுத்த முடியாத பிள்ளைக்கும், தோல் முழுக்க எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ள பிள்ளைக்கும் குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ இரத்தப் பரிசோதனை செய்யலாம். மொத்த ஐஜிஇ மட்டும் பார்ப்பதில் பெரிய பயனில்லை, வயிற்றில் பூச்சி இருந்தாலே அது ஏறிவிடும். உணவுகளுக்கு ஐஜிஜி அளவு பார்த்து, நூறு பொருளைத் தின்னாதே என்று தாள் கொடுக்கும் பரிசோதனைக்குக் காசைக் கொடுக்க வேண்டாம். உலக ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் அதை ஏற்பதில்லை.

பாசிட்டிவ் என்றாலே காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. நோட்டில் எழுதியதும் கையில் தடித்ததும் ஒத்துப்போக வேண்டும். பத்துப் பொருள் பாசிட்டிவ், பத்தையும் கலந்து ஒரே குப்பியில் ஊசி தயாரிக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் எழுந்து வந்துவிடுவேன். கலக்கக் கலக்க ஒவ்வொன்றின் அளவும் குறைகிறது. போதாக்குறைக்கு, கரப்பான், பூஞ்சைச் சாறுகளிலுள்ள நொதிகள் மகரந்தப் புரதத்தைச் சிதைக்கவும் கூடும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு மூன்று, அதுவும் காரணத்தோடு.

மூன்றாம் படி: இந்தப் பிள்ளைக்கு ஏற்றதா

மருந்தும் எச்சரிக்கையும் போதாத, அல்லது மருந்தை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியிருக்கிற மூக்கு, கண் ஒவ்வாமைக்கும், கட்டுக்குள் இருக்கும் லேசான, நடுத்தர ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கும் இது ஏற்றது. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா என்றால் கூடவே கூடாது. ஊசியால் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவர்களிடம்தான். முதலில் இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து, இரவு இருமல் நின்று, ஓடியாடும் நிலைக்கு வரட்டும்.

5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பொதுவாக ஊசி தொடங்குவதில்லை. நெஞ்சு இறுகுகிறது, தொண்டை அரிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயது அது. தன்னுடல் தாக்கு நோய், புற்றுநோய்ச் சிகிச்சை இருந்தால் மருத்துவர் தயங்குவார். ஒற்றைத் தலைவலிக்காகப் பிள்ளை ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறதா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். கடுமையான எதிர்விளைவு வந்தால் உயிர்காக்கப் போடும் அட்ரினலின் ஊசி வேலை செய்யாமல் போக அந்த மருந்து காரணமாகலாம்.

நான்காம் படி: ஊசியா சொட்டா

ஊசி மேல்கையின் வெளிப்புறத்தில் தோலுக்கு அடியில் போடுவது. அதே சாற்றின் சொட்டும் மாத்திரையும் நாக்குக்கு அடியில். முதல் வேளை மருத்துவமனையில், பிறகு தினமும் வீட்டில். ஓரிரு நிமிடம் நாக்கடியில் வைத்திருந்து விழுங்க வேண்டும். அதன்பின் ஐந்து நிமிடமாவது எதுவும் தின்னவோ குடிக்கவோ கூடாது. முதல் வாரங்களில் வாய் அரிக்கும், அது பெரும்பாலும் தானே அடங்கும். வாயில் புண், பல் பிடுங்கிய காயம் இருந்தால் ஆறும் வரை நிறுத்தி மருத்துவரைக் கேளுங்கள். விழுங்கும்போது நெஞ்சில் அடைத்தாலும் சொல்லிவிட வேண்டும். நோன்பு வைக்கும் வளர்ந்த பிள்ளைகள் சஹருக்கு முன்போ இஃப்தாருக்குப் பிறகோ வேளையை மாற்றிக்கொள்ளலாம்.

உடல் முழுவதும் தாக்கும் கடுமையான எதிர்விளைவு சொட்டில் குறைவு. இராமேஸ்வரம் தீவிலிருந்து மதுரைக்கு மாதாமாதம் போய்வர முடியாத வீட்டுக்குச் சொட்டுத்தான் நடைமுறை. ஆனால் ஒன்று: மூன்றாண்டு என்பது ஆயிரம் வேளைக்கும் மேல். பல் துலக்க மறக்கும் வீட்டில் சொட்டு நிற்காது. அந்த வீட்டுக்கு, தேதி குறித்துக் கூப்பிடும் ஊசியே மேல். குப்பியின் மேல் எந்தப் பொருளின் சாறு, என்ன செறிவு, எந்தத் தேதி வரை என்று அச்சிடாமல் 'ஒவ்வாமைச் சொட்டு' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: நாட்காட்டியை விரித்து உட்காருவது

ஊசிக்கு இரண்டு கட்டம். கூட்டும் கட்டத்தில் வாரம் ஒன்றோ இரண்டோ, 3 முதல் 6 மாதம். பிறகு பராமரிப்புக் கட்டம், ஏறத்தாழ நாலு வாரத்துக்கு ஒன்று, 3 முதல் 5 ஆண்டு. கூட்டிப் பாருங்கள், மொத்தம் 50 தடவைக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஒரு பெரியவரின் அரை நாள், சில ஊர்களிலிருந்து முழு நாள்.

இதில் நம் பக்கத்துக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் தகப்பன் கரையில் இருப்பார், பள்ளிக்கும் விடுமுறை. நேரம் கிடைக்கும், கையில் காசு இருக்காது. மாசி, பங்குனியிலேயே பயணத்துக்கும் மருந்துக்கும் ஒதுக்கிவைத்துச் சித்திரையில் தொடங்குவது நல்லது என்பது என் கணிப்பு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிள்ளைக்குச் சளியும் இளைப்பும் வந்து ஊசி தள்ளிப்போகும். அதற்குள் கூட்டும் கட்டம் முடிந்துவிட்டால், மாதம் ஒன்று தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம். தூசிப்பூச்சிக்கு எந்த மாதமும் சரி. மகரந்தத்துக்கு என்றால் பூப்பு உச்சத்தில் தொடங்கக் கூடாது.

தவறிய ஊசிக்குப் பதிலாக அடுத்த முறை இரட்டை அளவு என்பது எந்தக் காரணம் கொண்டும் கிடையாது. இடைவெளி நீண்டால் மருத்துவர் அளவைக் குறைத்து மறுபடி ஏற்றுவார். புதுக் குப்பி திறக்கும்போதும் பெரும்பாலும் குறைப்பார்கள், பயப்பட வேண்டாம்.

கூட்டும் கட்டத்தை ஒவ்வாமை மருத்துவரிடமே முடித்துவிட்டு, பராமரிப்பு ஊசியை உச்சிப்புளியிலோ கீழக்கரையிலோ அருகிலுள்ள மருத்துவரிடம் போட முடியுமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் பயணம் பெருமளவு குறையும். நிபந்தனைகள் இரண்டு: ஊசிக்குப் பிறகு 30 நிமிடமும் மருத்துவர் அங்கேயே இருக்க வேண்டும், அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருந்துக் கடையிலோ, வீட்டுக்கு வந்து ஊசி போடுபவரிடமோ, மருத்துவர் சாப்பிடப் போன நேரத்திலோ போடக் கூடாது.

ஆறாம் படி: ஊசி நாள்

காய்ச்சலோ இளைப்போ நெஞ்சுச்சளியோ இருந்தால் அன்று ஊசி இல்லை. பஸ் ஏறுவதற்கு முன்பே போனில் கேட்டுவிடலாம். மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தால் காலையில் ஊதச் சொல்லுங்கள். பிள்ளையின் வழக்கமான நல்ல அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேறு தடுப்பூசி போடும் நாளில் இதை வைக்காதீர்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் ஓட்டம், கபடி, கடலில் குளியல் எதுவும் வேண்டாம்.

குப்பியை எடுத்ததும் பெயரையும் செறிவையும் நர்ஸ் வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்களும் பாருங்கள். நம் நாட்டில் 1:5000, 1:500, 1:50 என்று செறிவு ஏறும் குப்பிகள் வழக்கம். எண் சிறுத்தால் மருந்து பத்து மடங்கு கடுக்கிறது. ஒரே பெட்டியில் நாலு பிள்ளைகளின் குப்பிகள் இருக்கும் இடத்தில், கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. "சிஸ்டர், போன தடவை எத்தனை போட்டீர்கள், இன்று எத்தனை?" என்ற கேள்வியை எந்த நல்ல நர்ஸும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். தேதி, குப்பி, அளவு, எந்தக் கை, என்ன விளைவு என்று உங்கள் நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு 30 நிமிடம். பஸ் போய்விடும் என்று இருபதாவது நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். கடுமையான விளைவுகளில் பெரும்பாலானவை இந்த அரை மணிக்குள் வருகின்றன. ஊசி போட்ட இடம் வீங்கி அரிப்பது சாதாரணம், ஐஸ் ஒத்தடம் போதும். உடல் முழுவதும் தாக்கும் விளைவு 1000 ஊசிகளில் ஒன்றிரண்டுக்கு வரலாம், அவற்றிலும் பல லேசானவை. உள்ளங்கை அரிப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, தொடர் தும்மல், குரல் மாற்றம், இருமல், வயிற்றுவலி, பிள்ளை திடீரென்று சோர்ந்து சாய்வது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே கூப்பிடுங்கள்.

அப்போது முதல் மருந்து அட்ரினலின். தொடையின் நடுப்பகுதி வெளிப்புறத் தசையில், எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லிகிராம், அதாவது வழக்கமான ஆம்பூலில் (ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம்) 0.2 மில்லிலிட்டர். அவில் (ஹிஸ்டமின் எதிர்ப்பு) ஊசியும் டெக்சா (ஸ்டீராய்டு) ஊசியும் போட்டுப் பார்ப்போம் என்பது நம் ஊரில் ஊறிய பழக்கம். அவை அட்ரினலினுக்கு ஈடல்ல, அதன் பிறகு வேண்டுமானால் போடலாம். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம், எழுந்து நடக்க விடக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு இப்படி ஆனால் 108ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டு ஓடாதீர்கள். பேனா வடிவ அட்ரினலின் ஊசி நம் பக்கத்து மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே வீட்டுக்கு என்ன ஏற்பாடு என்பதை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: குப்பியைக் காப்பது

2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வெயிலில் கெடும், உறைந்தாலும் கெடும். மதுரையிலிருந்து கொண்டுவரும்போது தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, குப்பியைத் துணியில் சுற்றி, ஐஸைத் தொடாமல் வையுங்கள். மீன் ஏற்றும் ஐஸ் பெட்டியில் உடைத்த ஐஸுக்குள் புதைத்துக் கொண்டுவந்த குப்பி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே புரதம் கெட்டிருக்கலாம். வீட்டு ஃப்ரிட்ஜில் கதவிலோ ஃப்ரீசருக்கு ஒட்டியோ வைக்காமல் நடுத்தட்டில் வையுங்கள். புயல் எச்சரிக்கைக் காலத்தில் மின்சாரம் நாள்கணக்கில் போனால், பயன்படுத்தும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எட்டாம் படி: ஊசியோடு வீட்டு வேலை

இன்ஹேலரும் மூக்கு ஸ்பிரேயும் தொடர வேண்டும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி. தலையணை உறை, போர்வைகளை வாரம் ஒரு முறை 55 முதல் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து உச்சி வெயிலில் காயப்போடுங்கள். வெயில் பூச்சியைக் கொல்லும், ஆனால் எச்சம் துணியிலேயே இருக்கும். அதனால் துவைப்பதும் தட்டுவதும் தேவை, தட்டும்போது பிள்ளை பக்கத்தில் வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தையைவிடக் கோரைப்பாய் எவ்வளவோ மேல், துடைத்து உலர்த்தலாம். ஈரத்துணியால் தரை துடையுங்கள். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குக் கொட்டும் பணத்தை, ஆஸ்துமாவுக்கு ஸ்பேசரும் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) நல்ல இன்ஹேலரும் வாங்கச் செலவிடலாம்.

ஒன்பதாம் படி: பலனைப் பார்ப்பதும் நிறுத்துவதும்

முதல் மாதங்களில் ஒன்றும் தெரியாது. பராமரிப்பு அளவை எட்டிச் சில மாதங்களில் மாற்றம் தொடங்கும். தும்மல் அடியோடு நின்றதா என்று பார்க்காதீர்கள். சிரப்பும் இன்ஹேலரும் குறைந்தனவா, இரவில் தூங்குகிறதா, மழைக்காலத்தில் எத்தனை முறை நெபுலைசர் வைத்தீர்கள், பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை என்று சென்ற ஆண்டு நோட்டோடு ஒப்பிடுங்கள். பராமரிப்பு அளவில் ஓராண்டு முழுதாகப் போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். பொருள் தவறா, அளவு போதவில்லையா, குப்பி கெட்டதா, புகையா என்று காரணத்தையும் கேளுங்கள்.

பலன் தெரிகிறது என்றால் எதிர்ச்சிக்கல் ஒன்று வரும். இரண்டாம் ஆண்டில் பிள்ளை நன்றாகிவிடும், வீட்டில் "இனி எதற்கு?" என்பார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இரண்டாண்டு சிகிச்சை தந்து நிறுத்தினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்தில்லாப் போலி சிகிச்சை பெற்றவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாண்டு முடித்தவர்களுக்கே நிறுத்திய பிறகும் ஆண்டுக்கணக்கில் பலன் தங்குகிறது. எல்லாருக்கும் அல்ல, சிலருக்குத் திரும்பலாம், அப்போது மறுபடி தொடங்க வழி உண்டு.

நிறுத்திய பிறகு நோட்டையும் பரிசோதனைத் தாளையும் பத்திரமாக வையுங்கள், கல்லூரிக்குச் சென்னைக்கோ கோவைக்கோ போகும்போது அங்குள்ள மருத்துவர் கேட்பார். குப்பியில் மிச்சமிருப்பதை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனையில் திருப்பிக் கொடுங்கள். அக்கா பிள்ளைக்கும் இதே தும்மல்தானே என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.